வினைமுற்று வரும் வரை

2005 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிங்டம் ஹார்ட்ஸ் 2' என்னும் வீடியோ கேமில் கதாநாயகன் ஏறத்தாழ மூன்று மணிநேரம் வருவதே இல்லை. முதல் பாகத்தை விளையாடி முடித்தவர்கள் சோரா என்ற சிறுவனைத் தேடிக்கொண்டு இரண்டாம் பாகத்தைத் திறக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைப்பவனோ ரோக்சாஸ் என்ற முன்பின் அறியாத இன்னொருவன். அவன் ட்வைலைட் டவுன் என்ற சிற்றூரில் கோடை விடுமுறையின் கடைசி வாரத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறான். சுவரொட்டி ஒட்டுகிறான், கடிதங்களைக் கொண்டு சேர்க்கிறான், நண்பர்களோடு கடற்கரைக்குப் போகக் காசு சேர்க்கிறான், சேர்த்த காசும் தொலைந்துபோகிறது. மணிக்கூண்டின் மேல் உட்கார்ந்து உப்புக்கரிக்கும் ஐஸ்கிரீம் தின்கிறான். நடுநடுவே சிறு சண்டைகள் உண்டு என்றாலும், பல உலகங்களைக் காக்கும் சாகசத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு அவை பசிக்குச் சுண்டல்தான்.

இந்த மூன்று மணிநேரத்தைப் பொறுத்துக்கொள்வதா, வட்டை உருவி எறிவதா என்ற வழக்கு ஆடுபவர்களிடையே இன்றுவரை தீரவில்லை. வழக்கு இந்த ஒரு விளையாட்டைப் பற்றியதும் அன்று. 'ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.' என்று அழைக்கப்படும் வகையில், குறிப்பாக ஜப்பானியர் உருவாக்கியவற்றில், இந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு மரபாகவே இருக்கிறது. (அறியாதவர்களுக்காக: ஒரு கதைமாந்தரின் உடலை ஏற்று, பல பத்து மணிநேரம் நீளும் கதையினூடே அவரை வளர்த்துச் செல்வது ஆர்.பி.ஜி.; அதில் சண்டை முறைவைத்து நடக்காமல் நம் விரல்களின் வேகத்தில் நடந்தால் அது ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.) விரல்கள் துடிக்கும் விளையாட்டுக்குள் கதை ஏன் இவ்வளவு மெதுவாகத் தொடங்க வேண்டும்? அந்த மெதுவுக்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

என் பதில் ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் அடங்காது. அதற்கு ஸ்ரீராம்புரத்தின் ஒரு கேம் கடையும், கம்பனும், மொழியியலில் நான் படித்த ஓர் ஆய்வும் தேவைப்படுகின்றன.

முதலில் கடை. மெட்ரோ இரயிலில் எங்கள் ஊர்ப்பெயரைக் கன்னடத்தில் 'ஸ்ரீராம்புர' என்று அறிவிப்பார்கள். இறுதி மகரத்தை வீட்டுக்கு வந்து நாங்கள் ஒட்டிக்கொள்வோம். அந்த மகரம் ஒட்டிய தெருக்களில் ஒன்றில், நான் பள்ளியில் படித்த 2009, 2010 வாக்கில், நான்கு தொலைக்காட்சிப் பெட்டிகளும் நான்கு பிளேஸ்டேஷன் 2 கருவிகளும் கொண்ட ஒரு கடை இருந்தது. மணிக்கு 20 ரூபாய். அரைமணிக்கு 10 ரூபாய். தம்பியைத் தனியே அனுப்ப அம்மாவுக்கு மனம் வராததால் நானும் உடன் போவேன். ஆடுவது அவன், பார்ப்பது நான். அந்தக் கடைக்குள் வந்துபோன பெண்பிள்ளை அநேகமாக நான் ஒருத்திதான்.

அங்கே எது ஓடும், எது ஓடாது என்பதை ஒரே விதி தீர்மானித்தது: 20 ரூபாய் தீர்வதற்குள் என்ன நடக்கும்? 'காட் ஆஃப் வார்' ஓடியது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே நடுக்கடலில் ஒரு கப்பலின் மேல் ஹைட்ராவோடு சண்டை வந்துவிடும். 'டெக்கன் 5' ஓடியது, மல்யுத்தம் ஓடியது, கிரிக்கெட் எப்போதும் ஓடியது. கடைக்காரரிடம் இருந்த வட்டுகளில் 'கிங்டம் ஹார்ட்ஸ் 2'உம் இருந்தது. உறையில் டொனால்ட் வாத்தைப் பார்த்து, சிறுபிள்ளைகளுக்கு ஆகும் என்று வாங்கிவைத்திருப்பார் போலும். தம்பி ஒருநாள் அதைப் போட்டான். ரோக்சாஸ் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் முறைக்காகக் காத்திருந்த பையன் ஒருவன் கேட்டான்: "மச்சா, இது கேமா, சீரியலா?" கடையே சிரித்தது. தம்பி வட்டை மாற்றிவிட்டான்.

அந்தப் பையன் கேட்டதில் தவறில்லை. நான்கு கருவிகளுக்கும் சேர்த்து அக்கடையில் இருந்தது 8 எம்.பி. கொள்ளும் ஒரே ஒரு மெமரி கார்டு. நேற்று சேமித்துவைத்ததை இன்று இன்னொருவன் அழித்து, தன்னுடையதை எழுதியிருப்பான். ஆக, அங்கே வந்தவர்களுக்கு எந்த விளையாட்டும் முதல் ஒரு மணிநேரமாக மட்டுமே இருந்தது. ஒவ்வொரு நாளும் அதே முதல் மணிநேரம். மெதுவாகத் தொடங்கும் விளையாட்டு அவர்களுக்கு மெதுவாகத் தொடங்கவில்லை. அது தொடங்கவே இல்லை. பொறுமையைப் பற்றி ஆடுபவர்கள் எழுதும் விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. 'இன்றைய தலைமுறைக்குக் கவனம் போதாது' என்று ஒருவர் எழுதுவார். சேமித்துவைக்க ஓர் இடமும், தனக்கென்று ஒரு கருவியும், குறுக்கீடற்ற ஒரு மாலைப்பொழுதும் உடையவரின் வாக்கியம் அது.

நான் அந்த விளையாட்டை முழுமையாக ஆடியது ஆய்வு உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகு, என் இருபத்துநான்காம் வயதில். அதன் முன்கதைப் பகுதியில் என்ன இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். (இனி வருவதில் கதை உடைபடும். இருபது ஆண்டு ஆகிவிட்டது, பொறுத்தருள்க.)

ஊரில் திருட்டு நடக்கிறது. ரோக்சாஸும் நண்பர்களும் எடுத்த புகைப்படங்கள் காணாமற்போகின்றன. அதைப் பற்றிப் பேச வாய் திறக்கும்போது நண்பர்கள் திகைக்கிறார்கள்: 'புகைப்படம்' என்ற சொல்லும் காணவில்லை. பொருளோடு சேர்த்து அதன் பெயரையும் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். தாங்கள் எதைச் சொல்ல வருகிறோம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. சொல் மட்டும் வரவில்லை. குறிப்பானைக் களவாடிவிட்டுக் குறிப்பீட்டை விட்டுச்சென்ற திருடனைச் சொசூர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! மொழியியல் படித்த ஒருத்திக்கு இதற்குமேல் ஒரு விளையாட்டு என்ன தர வேண்டும்? ஆனால் அந்தக் காட்சி எனக்குப் பிடித்ததற்கு என் படிப்பு மட்டும் காரணமன்று. சுவரொட்டியும் ஐஸ்கிரீமுமாக நகர்ந்த அந்தச் சலிப்பான ஊரின் அடித்தளம் அங்கேதான் முதன்முதலாக அசைகிறது. இந்த ஊர் ஊர்தானா? இவன் இவன்தானா? இடையிடையே திரையில் ஏதோ ஒன்று மீட்கப்படுவதாகச் சதவீதக் கணக்கு ஓடுகிறது. எதன் சதவீதம் என்று சொல்லப்படுவதில்லை.

முடிவில் தெரிகிறது: அந்த ஊர் கணினிக்குள் கட்டப்பட்ட ஒரு போலி, சோரா உறங்கிக்கொண்டிருக்கிறான், அவன் விழிக்க வேண்டுமானால் ரோக்சாஸ் அவனுக்குள் கரைந்து மறைய வேண்டும். 'ரோக்சாஸ்' என்பது 'சோரா'வின் எழுத்துகளைக் கலைத்து ஓர் 'எக்ஸ்' சேர்த்தால் கிடைக்கும் பெயர். (இந்தச் சித்து உரோமன் எழுத்தில்தான் பலிக்கும். அசையை அலகாகக் கொண்ட ஜப்பானியக் கானாவிலும் நம் உயிர்மெய்யிலும் பலிக்காது. ஜப்பானியர் ஒருவர் தம் எழுத்தில் பிடிபடாத புதிரைத் தம் கதையின் நடுவில் வைத்திருக்கிறார் என்பது தனியே எழுதத்தக்க செய்தி.) நாம் மூன்று மணிநேரமாகக் காத்திருந்த கதாநாயகன் வருகிறான். வந்ததற்கு விலை, நாம் மூன்று மணிநேரம் உடனிருந்த சிறுவன்.

இங்கே நிகழ்வது மிக எளிய கணக்கு. ரோக்சாஸின் இழப்பை உணர, அவனுக்கு இழக்க ஏதேனும் இருக்க வேண்டும். அவனிடம் இருந்தது அந்த ஆறு நாளின் சில்லறைப் பொழுதுகள் மட்டுமே. அவற்றை ஐந்து நிமிடக் காணொளியாகச் சுருக்கிக் காட்டியிருந்தால் நமக்குத் தகவல் கிடைத்திருக்கும். சுவரொட்டியை நாமே ஒட்டினோம் என்பதால்தான் அந்த ஊர் நமக்கும் கொஞ்சம் சொந்தமாகிறது. ஆகவே அந்தத் தாமதம் கதைக்கு முன்னால் வரும் காத்திருப்பு அறையன்று, கதையின் உறுப்பு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பன் இராமனைப் பாட வந்தவன். எடுத்த எடுப்பில் சரயுவைப் பாடுகிறான். ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம், அரசியற்படலம் எல்லாம் கடந்து ஐந்தாவதான திருஅவதாரப்படலத்தில்தான் இராமன் பிறக்கிறான். இளங்கலையில் இந்தப் படலங்களைப் பாடமாக வைத்தபோது, 'கதைக்கு எப்போது வருவார்?' என்று எங்கள் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காப்பிய இலக்கணம் நாடுநகர வருணனையைக் கேட்கிறது, அதனால் பாடினான் என்பது பரீட்சைக்குப் போதுமான விடை. அயோத்தியா காண்டத்து நகர்நீங்கு படலத்துக்கு வந்து சேரும்போதுதான் வேறு விடை கிடைக்கிறது. இராமன் காட்டுக்குப் புறப்படும்போது அழுவது தயரதன் மட்டுமன்று, ஊர் முழுவதும் அழுகிறது. அந்த ஊரின் மாடங்களையும் வயல்களையும் நீரையும் நாம் முன்பே நடந்து பார்த்திருக்கிறோம். நகரப்படலத்தைத் தாண்டிக் குதித்து வந்தவருக்கு இது ஒரு குடும்பச் சண்டையின் விளைவாகத் தெரியும். நடந்து வந்தவருக்கு ஓர் ஊரின் உயிர் போவதாகத் தெரியும்.

ஆயினும் கம்பனைக் காட்டி எல்லா விளையாட்டுக்கும் வக்காலத்து வாங்கிவிட முடியாது. வாசகர் நகரப்படலத்தில் சில பாடல்களை விரைந்து கடக்கலாம். பிறகு திரும்பி வரலாம். தெருக்கூத்திலோ இன்னும் தாராளம். களரி கட்டி, மத்தளமும் முகவீணையும் நெடுநேரம் முழங்கி ஊரைக் கூட்டும். அதுவரை பார்ப்பவர் பாய் விரிக்கலாம், பேசலாம், பிள்ளையை உறங்கவைக்கலாம், தாமே உறங்கியும் எழலாம். கட்டியக்காரன் வந்து எழுப்புவான். விளையாட்டு இந்தச் சலுகையைத் தருவதில்லை. கையிலிருந்து கருவியை வைத்துவிட்டால் ரோக்சாஸும் அசையாமல் நின்றுவிடுவான். பிற கலைகள் நம் பொறுமையை மட்டுமே கேட்கின்றன. விளையாட்டு நம் உழைப்பையும் சேர்த்துக் கேட்கிறது. எனவே அது கூடுதலாகவே கணக்குக் காட்டக் கடமைப்பட்டது.

என்ன கணக்கு? இங்கேதான் எனக்கு என் துறை உதவுகிறது.

தமிழும் ஜப்பானியமும் வினையை இறுதியில் வைக்கும் மொழிகள். 'ஆசிரியர் மாணவனுக்கு நேற்று மாலை நூலகத்தின் வாசலில்...' என்று ஒருவர் இழுத்துக்கொண்டே போனால், என்ன செய்தார் என்பது கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. தந்தாரா, அறைகூவல் விடுத்தாரா, வாழ்த்துச் சொன்னாரா? அப்படியானால் நாம் எல்லோரும் வாக்கியம் முழுவதும் இருட்டில் காத்திருந்து, வினைமுற்று வந்ததும் விளக்கேற்றிக்கொள்கிறோமா? இல்லை என்கிறது உளமொழியியல். யூகி கமிதே, ஜெர்ரி ஆல்ட்மன், சாரா ஹேவுட் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானியம் பேசுவோருக்கு ஒரு படத்தைக் காட்டி, வாக்கியத்தைக் கேட்கவைத்து, அவர்கள் கண்கள் எங்கே செல்கின்றன என்று அளந்தார்கள். 'பணிப்பெண் வாடிக்கையாளருக்கு' என்று நான்காம் வேற்றுமையில் கேட்டவர்களின் கண்கள், வினை வருவதற்கு வெகு முன்னரே, படத்திலிருந்த உணவுப் பொருளின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தன. 'வாடிக்கையாளரை' என்று இரண்டாம் வேற்றுமையில் கேட்டவர்களிடம் அந்தச் சாய்வு அவ்வாறு இல்லை. ஓர் உருபு போதும். கேட்பவர் அடுத்து வரக்கூடியதை ஊகித்துக்கொண்டே நடக்கிறார். 'கு' என்றதும் எதையோ கொடுக்கப்போகிறார் என்று கண் தேடுகிறது.

வினைக்காகக் காத்திருப்பவர் ஆகவே சும்மா இருப்பவரல்லர். உருபுகளைக் கொண்டு வாக்கியத்தைத் தாமும் கட்டிக்கொண்டிருப்பவர். வினையெச்சங்கள் இன்னொரு படி மேலே போகின்றன. 'வந்து, அமர்ந்து, கண்டு, மயங்கி' என்று அடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு செயலை நிகழ்த்திவிட்டு, 'இன்னும் இருக்கிறது' என்று கைகாட்டி நிற்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர்.

நல்ல தாமதத்துக்கும் கெட்ட தாமதத்துக்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். காணாமற்போன சொல் ஓர் உருபு. திரையில் ஓடும் சதவீதம் ஓர் உருபு. அவற்றைப் பெற்ற பிறகு ரோக்சாஸ் சுவரொட்டி ஒட்டினாலும் என் கண் எதையோ தேடத் தொடங்கிவிடுகிறது. கெட்ட தாமதத்தில் உருபுகளே இருப்பதில்லை. பெயர்ச்சொற்களை வரிசையாகக் கொட்டுவார்கள்: இது இந்தப் பேரரசு, அது அந்தப் படிகம், ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்த போர் இன்னது. எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று தெரியாமல் நாம் தலையாட்டிக்கொண்டே பொத்தானை அழுத்துவோம். அதைவிடக் கெட்டது, கையேட்டைக் கதைபோல வேடமிட்டு நடத்துவது. 'இப்போது குதித்துப் பார்', 'இப்போது கதவைத் திறந்து பார்' என்று நான்கு மணிநேரம் பாலர் வகுப்பு நடத்துகிற விளையாட்டுக்குப் பொறுமை காட்டுவதில் எந்தச் சிறப்பும் இல்லை.

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. என்று கறாராகச் சொல்ல முடியாதென்றாலும், 2009இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 13' இந்த வழக்கில் தவறாமல் சாட்சிக்கூண்டு ஏறும். பத்து அத்தியாயங்கள் கிட்டத்தட்ட ஒரே நேர்பாதையில் நம்மை நடத்திச்சென்று, பதினொன்றாவதில்தான் கிரான் பல்ஸ் என்ற பரந்த வெளியைத் திறந்துவிடும். 'இருபது மணிநேரம் பொறு, அப்புறம் அருமை' என்ற பரிந்துரை கேலிச்சொல்லாக மாறியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. விரட்டப்படுவோரின் கதை, ஆகவே குறுகிய பாதை என்று நியாயம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுதும் ஒப்பில்லை. அங்கே குறுகலாயிருந்தது பாதை மட்டுமன்று. ஊகிக்க விட்ட இடமும் குறுகல். கதைமாந்தர் அறிந்த கலைச்சொற்களை நாம் அறியோம். அவற்றை அறியத் தனியே ஒரு அகராதிப் பகுதியைத் திறந்து படிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஜப்பானியம் வினையிறுதி மொழி, ஆகவே ஜப்பானியர் கதையையும் இறுதியில்தான் அவிழ்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மயக்கமான, மோசமான மொழியியல். கன்னடமும் துருக்கியமும் வினையிறுதி மொழிகளே. 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பனிமலையில் அதன் முதல் அத்தியாயம் நகரும் நகர்வைப் பார்த்தால் ரோக்சாஸே ஓட்டக்காரன் என்று தோன்றும். மறுபுறம் 'டார்க் சோல்ஸ்' முழுக்க ஜப்பானியச் சரக்கு. அதில் முதல் பெரும் அரக்கன் நம் மேல் குதிக்க அதிக நேரம் ஆவதில்லை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் இடையில் எதைக் கண்டாலும் உறவு கொண்டாடும் ஆசை நம்மிடையே ஓனோ சுசுமு காலத்திலிருந்தே இருக்கிறது. அவருடைய உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. முடிவை மொழியியலாளரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. வேற்றுமை உருபை நான் இங்கே உவமையாக மட்டுமே எடுத்தாள்கிறேன். கேட்பவர் எப்படிக் காத்திருக்கிறார் என்பதை விளக்க அதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது.

உருபுகள் இருந்தும் ஒருவர் காத்திருக்க முடியாத நிலை உண்டு. அதைத் தம்பியிடம் பார்த்தேன். அவன் இப்போது இரவுநேர டெலிவரி வேலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினான். பிற்பகலில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வண்டியை எடுப்பதற்குள் நாற்பது நிமிடம் அவனுக்கு மிஞ்சும். 2017இல் வெளிவந்த 'நியர்: ஆட்டோமேட்டா'வை எங்கோ கேள்விப்பட்டு வாங்கிவந்தான். அதை இயக்கிய யோகோ டாரோ பொறுமையைச் சோதிப்பதில் பேர்போனவர். முன்கதையில் மெதுவே இல்லை. பாழடைந்த தொழிற்சாலையில் வேகமாகவே தொடங்குகிறது. ஆனால் அந்தப் பகுதி முடியும்வரை சேமிக்க முடியாது. இடையில் இறந்தால் மீண்டும் முதலிலிருந்து. தம்பி முதல்நாள் பாதியில் கருவியை உறக்க நிலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அன்றிரவு தெருவில் மின்சாரம் போயிற்று. மறுநாள் மீண்டும் அதே தொழிற்சாலை. இம்முறை கடைசி எதிரியிடம் இறந்தான்.

"அக்கா, இதைச் செஞ்சவனுக்கு வேலைவெட்டி இல்லையா?" என்றான்.

யோகோ டாரோவுக்குப் பதிலாக நான் வாதாடிப் பார்த்தேன். சேமிக்க முடியாமை அங்கே வெறும் அலட்சியமன்று; நினைவை மேலேற்றிக்கொண்டு புது உடலில் திரும்பும் இயந்திர மனிதர்களைப் பற்றிய கதையில், அந்த ஏற்றம் கிடைக்காமற்போவது என்ன என்பதை அது நம் தோலில் எழுதிவிடுகிறது. 'அதெல்லாம் சரி' என்றான். அது உண்மையிலேயே சரிதான். ஆயினும் அவனுடைய நாற்பது நிமிடத்துக்கு அது பதிலாகாது.

மூன்றாம் முயற்சியில் தாண்டினான். சில வாரங்களில் கதை முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடியது. முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பினான். அவன் முடித்தது 'ஏ' முடிவு மட்டும். அதன் பின் அதே கதையை இன்னொரு பாத்திரத்தின் கண்வழியே மீண்டும் ஆட வேண்டும். பிறகுதான் மூன்றாம் வழியில், இதுவரை பார்த்ததெல்லாம் முன்னுரை என்று தெரியும்படி கதை விரிகிறது. எழுத்துவரிசைப்படி மொத்தம் 26 முடிவுகள், முதன்மையானவை ஐந்து. முதல் முடிவுக்குப் பிறகு, 'இன்னும் இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள்' என்ற பொருளில், வெளியீட்டாளர் சார்பில் ஒரு செய்தியே திரையில் வருகிறது. எச்சத்தை முற்று என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கே இருந்திருக்கிறது! தம்பி அந்தச் செய்தியைப் படித்தான். படித்துவிட்டு வட்டை வெளியே எடுத்தான். இரண்டாம் வழி மெதுவானது, தெரிந்த கதையையே திரும்பச் சொல்வது. அதற்கான மாதங்கள் அவனிடம் இல்லை. அவன் கண்டதே அவனுக்கு ஒரு முழுக்கதை. குறைவு என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

சந்தையும் இந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம், 2015 முதல், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணிநேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. நல்ல ஏற்பாடு, நானே பயன்படுத்தியிருக்கிறேன். 'கிங்டம் ஹார்ட்ஸ்' தொகுப்பு 2024இல் அந்தத் தளத்துக்கு வந்தது. ஒருவர் நேரே இரண்டாம் பாகத்தைத் திறந்தால், இரண்டு மணிநேரம் தீரும்போது ரோக்சாஸ் இன்னும் தன் ஊரிலேயே இருப்பான். சோராவைப் பார்ப்பதற்கு முன்பே, பொருளை வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று வாங்கியவர் முடிவுசெய்தாக வேண்டும். அந்தக் கேம் கடையின் 20 ரூபாய் விதி இப்போது இரண்டு மணிநேர விதியாக உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. இனி யாரேனும் மூன்று மணிநேர ட்வைலைட் டவுன் ஒன்றைக் கட்டத் துணிவார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. துணியாமற்போனால் அது இழப்பே.

இதைப் படிக்கும் ஆசிரியர்களும் சக ஆய்வாளர்களும் விளையாட்டுகளை ஆடாதவர்களாக இருக்கலாம். ஆனால் நாம் எல்லோரும் இத்தகைய ஒன்றை நடத்திக்கொண்டிருப்பவர்கள். நான் ஒரு கல்லூரியில் வாரம் இருமுறை மொழியியல் அறிமுக வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களில் பாதிப்பேர் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். பாடத்திட்டப்படி முதல் ஐந்து வாரம் ஒலியுறுப்புகள், ஒலிப்பிடம், ஒலிப்புமுறை, அட்டவணை. 'இப்போது சலிப்பாக இருக்கும், ஆறாம் வாரத்துக்குப் பிறகு பாருங்கள்' என்று சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது? அவர்களுக்கு இரண்டு மணிநேரத்துக்குள் திருப்பித்தரும் வசதியும் இல்லை. ஆகவே முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் 'பல்', 'பள்', 'பழ்' என்று எழுதி, தம் வீட்டில் யார் எதை எப்படி ஒலிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன். ஸ்ரீராம்புரத்து, சிவாஜிநகரத்து, அல்சூரத்து வீடுகளிலிருந்து வரும் விடைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஏன் என்ற கேள்வியை அன்றைக்கு நான் அவிழ்ப்பதில்லை. அட்டவணை அப்படியேதான் இருக்கிறது, ஐந்து வாரமும் குறையவில்லை. ஆனால் கண்கள் எதையோ தேடுகின்றன.

தம்பிக்கு அடுத்து எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று நெடுநாள் யோசித்தேன். கடைசியில் நிஹோன் ஃபால்கம் நிறுவனத்தின் 'ஈஸ் 8'ஐப் பரிந்துரைத்தேன். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கும் அடோல் என்பவனின் கதை. அதுவும் மெதுவாகத் தொடங்குவதே. பிழைத்து ஒதுங்கியவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கூட்டிவந்து கரையோரம் ஒரு குடியிருப்பை அமைக்க வேண்டும். வழியை அடைத்துக்கிடக்கும் சில தடைகளை அகற்ற இத்தனை பேர் வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஆனால் சண்டை தொடக்கத்திலிருந்தே விரல்களுக்கு வேலை தருகிறது. சேமிக்கும் இடங்கள் அடிக்கடி வருகின்றன. நாற்பது நிமிடத்தில் ஒரு துண்டுக் கடற்கரையையேனும் வரைபடத்தில் நிரப்பிவிடலாம். இவற்றுக்கிடையே அடோலின் கனவில் நீலக்கூந்தல் கொண்ட ஒரு பெண் வந்துபோகிறாள். டானா என்று பெயர். அவள் யார், எந்தக் காலத்தவள், இந்தத் தீவுக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று சொல்லாமல் கதை அடுத்த கடற்கரைக்குப் போய்விடுகிறது.

தம்பி இரண்டு மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறான். கரையொதுங்கியவர்களில் இதுவரை எத்தனை பேரைச் சேர்த்தான் என்று அவ்வப்போது செய்தி அனுப்புவான். சென்ற வாரம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்தப் பெண் யார் என்று கேட்டிருந்தான். நான் சொல்லவில்லை.